எனாமலில் ஒட்டிய ஊர்

செத்து 250 வருஷமான ஒருவர் எங்கே பிறந்தார் என்று எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எலும்பு மட்டும் என்றால் கஷ்டம். பல் இருந்தால் ஓரளவு முடியும்.

1991இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது சவப்பெட்டிகள் தென்பட்டன. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களுமான ஆப்பிரிக்கர்களின் இடுகாடு அது. பழைய வரைபடங்களில் இருந்த இடம்தான். 1794 வாக்கில் மூடி, மண் கொட்டி, மேலே ஊர் கட்டி மறந்துவிட்டார்கள். அங்கே சுமார் 15,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பீடு. 419 பேரை வெளியே எடுத்த பிறகு, கறுப்பின மக்கள் போராடித்தான் தோண்டுவது நின்றது. ஆய்வு ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிளேக்கி குழுவிடம் போனது.

சிலருடைய முன்பற்கள் கூராக அராவப்பட்டிருந்தன. இது ஆப்பிரிக்க வழக்கம். சரி, இவர்கள் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களா?

இங்கேதான் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகம் வருகிறது. தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பதால் உடம்பு ஆள் மாறாட்டத்தில் ஏமாந்து, அதையும் பல்லில் வைத்துக் கட்டிவிடும். பாறையிலுள்ள ருபீடியம்-87 (எண் அணுவின் எடையைக் குறிக்கும்) மிக மெதுவாக ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பாதி மாறவே கிட்டத்தட்ட 4,900 கோடி வருஷம். ஆகவே ருபீடியம் நிறைந்த பழம்பாறையில் ஸ்ட்ரான்சியம்-86க்கு எதிரே 87இன் பங்கு கூடுதல், இளம்பாறையில் குறைவு. பாறையின் இந்த விகிதம் மண், தண்ணீர், பயிர், சாப்பாடு என்று எங்கே போனாலும் அநேகமாக மாறாது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் அப்படியல்ல. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் மூன்று வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும், அப்புறம் மாறாது. அறுபது வயதில் செத்தாலும் அந்தப் பல்லில் இருப்பது மூன்று வயதுக் குழந்தை சாப்பிட்ட சாப்பாடு! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

ஒரே விகிதம் இரண்டு கண்டங்களிலும் இருக்கலாம் என்பதால் கிராமத்தின் பெயர் கிடைக்காது. 'இந்த ஊர்க்காரர் இல்லை' என்பது கிடைக்கும். இடுகாட்டுச் சிறு குழந்தைகளின் பற்களிலிருந்த விகிதங்கள் நியூயார்க் மண்ணோடு ஒத்துப்போயின. பல் அராவியவர்களின் விகிதங்கள் விலகி நின்றன. மண்டையோட்டை அளந்து இனம் சொல்கிற பழைய ஜோசியத்துக்குச் செலவழித்த பணத்தில் கொஞ்சம் இந்த மாதிரி ஆய்வுக்கு அப்போதே வந்திருக்கலாம்.

பல் அராவியவர்களில் ஒரு பெண்ணின் இடுப்பில் மணிமாலை இருந்தது. 2003இல் கானாவில் செதுக்கிய பெட்டிகளில் 419 பேரையும் அதே இடத்தில் திரும்பப் புதைத்தார்கள்.