குளியலறையைப் புதுப்பிக்க நாமே ஆள் வைப்பதா, கான்ட்ராக்ட் விடுவதா?

"சார், கான்ட்ராக்ட் விட்டால் எக்கச்சக்கமாகக் கேட்கிறார்கள். நாங்களே ஆள் வைத்துச் செய்துகொள்ளலாமா?" பாத்ரூமை இடித்துப் புதிதாகச் செய்ய நினைக்கும் குடும்பங்கள் சிவில் இன்ஜினியரான என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நம் ஊரில் உளி சுத்தியலோடு தாங்களே இறங்குபவர்கள் குறைவு. பிளம்பர், டைல்ஸ் கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாகப் பிடித்து, சாமான்களைக் கடையில் வாங்கிக் கொடுத்து வேலை வாங்குவார்கள். கான்ட்ராக்டரின் லாபம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஏற்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

ஓர் அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு. புது டைல்ஸ் போட்ட கொஞ்ச நாளிலேயே கீழ்வீட்டு பாத்ரூம் கூரையில் ஓதம் ஏறியது. பைப்பில் கசிவே இல்லை என்றார் பிளம்பர். டைல்ஸ் ஜாயிண்டில் தண்ணீர் இறங்காது என்றார் கொத்தனார். உடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு முடிந்த பிறகு, நஹானி ட்ராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வடியும் வாயை, சற்றுத் தள்ளி வைப்பதற்காகத் தளத்தைக் கொத்தியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட பூச்சை யாரும் மறுபடி பூசவில்லை. அந்த வேலையில் யாருக்குப் பின் யார் வர வேண்டும் என்று பார்க்க ஒரு ஆள் இல்லை. புது டைல்ஸ் எல்லாம் குப்பைக்குப் போயின.

அதனால் நான் சொல்வது இதுதான். டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் மறையப் போகிற வேலைகளை, அதாவது பைப், பூச்சு, டைல்ஸ் மூன்றையும், ஒரே ஆளின் பொறுப்பில் விடுங்கள். அவர் பெரிய கான்ட்ராக்டராக இருக்க வேண்டியதில்லை. நம்பகமான ஒரு மேஸ்திரி போதும். ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது.

கான்ட்ராக்ட் விட்டாலும் இரண்டு சோதனைகளுக்கு நீங்கள் நேரில் இருந்தாக வேண்டும். ஒன்று, சுவரைப் பூசி மூடும் முன் பைப்பில் கை பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி பைப்பும் அதற்கு உரிய பசையும்தான் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். சாதாரண பிவிசி பைப் சூடு தாங்காது.

அடுத்தது தண்ணீர் கட்டி வைக்கும் சோதனை. பூச்சு காய்ந்த பிறகு ட்ராப்பின் வாயை அடைத்து, தளம் முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 48 மணி நேரம் தொடாமல் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்து, அவர்கள் கூரையைக் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லுங்கள். "மேடம், ரெண்டு நாள் வீணாகும், டைல்ஸ் ஆள் வெளியே காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பூச்சு தளத்தோடு நிற்காமல் சுவரில் ஒரு அடியாவது ஏறியிருக்க வேண்டும். ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்குப் போனால் நல்லது.

வாட்டத்தையும் கவனியுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும். டைல்ஸ் ஒட்டியதும் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினால், எங்கும் தேங்காமல் ட்ராப்புக்கு ஓட வேண்டும்.

மின்வேலையில் பேரமே வேண்டாம். கீஸருக்குத் தனி லைன், சரியான எர்த், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் கையால்தான் நடக்க வேண்டும். ஈரக் கையும் மின்சாரமும் சந்திக்கிற இடம் அது.

நாமே செய்யக்கூடியவையும் நிறைய உண்டு. குழாய், ஷவர், ஹெல்த் ஃபாசெட் மாற்றுவது, ஃப்ளஷ் டேங்கின் உள்பாகங்களை மாற்றுவது, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பியிருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டிப் புதிதாக அடைப்பது, கதவுக்கு பெயின்ட் அடிப்பது எல்லாமே ஞாயிற்றுக்கிழமை வேலைகள். கண்ணாடியும் ஷெல்ஃபும் மாட்டத் துளை போடும்போது மட்டும் குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலும் கீழும் போடாதீர்கள். பைப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருக்கும். புது வேலை என்றால், சுவரை மூடும் முன் டேப் வைத்து அளவு தெரியும்படி நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட் பேசும்போது பைப்பின் பிராண்ட், எத்தனை கோட் பூச்சு, இடித்த குப்பையை அள்ளுவது யார், வேலை முடிய எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து போடுங்கள். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்று குறைந்த விலை சொன்னால், ஏற்கெனவே கசிவு இருக்கும் வீட்டில் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்; ஓட்டை அடியில் அப்படியேதான் இருக்கும். பணத்தைத் தவணையாகப் பிரியுங்கள். பூச்சுக்கான தவணை, தண்ணீர் கட்டிய இரண்டாம் நாள் பென்சில் கோட்டை நீங்கள் பார்த்த பிறகு. கடைசித் தவணை, பாத்ரூமை ஒரு மாதம் புழங்கிய பிறகு.