பேக்கப் இருக்கு, சரி. அதைத் திறந்து பார்த்தீர்களா?

ராத்திரி 11.30 மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. எங்கோ ஒரு கம்பெனி புது சாஃப்ட்வேருக்கு மாறியிருக்கும். புதியது ஓடாது, பழையதுக்குத் திரும்பவும் வழி இருக்காது. இந்த வருடத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற நிறுவனம், பெயர் வேண்டாம். மார்ச் 31-ஓடு பழைய கணக்கு மென்பொருளுக்கு விடை, ஏப்ரல் 1 முதல் புது இஆர்பி (கணக்கு, ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) என்று முதலாளி நாள் குறித்துவிட்டார். கணக்கு முடிக்கிற வாரத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும். புது சர்வர் செலவை மிச்சப்படுத்த, பழைய சர்வரையே அழித்து அதில் புதியதைப் போட்டார்கள். இரண்டாம் நாளே ஸ்டாக் தாறுமாறு. பில் போட முடியவில்லை. பில் இல்லாமல், சரக்கு லாரியில் போகத் தேவையான இ-வே பில் ஏது? கேட்டில் ஏழு லாரி நிற்கிறது.

“பழசுக்கே போயிடலாம் சார், பேக்கப் இருக்கு.”

இருந்தது. பாஸ்வேர்டு போட்டு இருந்தது. போட்டவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம்.

என்னென்ன தவறலாம், தவறினால் என்ன செய்வது என்று எழுதி வைக்கும் ரிஸ்க் ரெஜிஸ்டரைக் காட்டச் சொன்னேன். அழகான எக்செல், 42 வரி. 17-ஆவது வரியில் ‘டேட்டா இழப்பு’. தீர்வு: ‘பேக்கப் உள்ளது’. பொறுப்பு: ‘ஐடி டீம்’. நிலை: பச்சை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிட வண்ணமயமாக யாரும் காட்ட முடியாது.

பேக்கப் இருப்பதும் டேட்டா பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது. அதில் காற்று இருக்கிறதா? ஜாக்கி எங்கே? மாட்டத் தெரிந்தவர் வண்டியில் இருக்கிறாரா? பேக்கப்பும் அப்படித்தான். ஃபைல் முழுசாக இருக்கிறதா, திறக்கிறதா, வேறொரு மெஷினில் ஏறுகிறதா, ஏற எத்தனை மணி நேரம், எந்த நிமிடம் வரையிலான டேட்டா திரும்பி வரும்? இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால் ஒருமுறை ரீஸ்டோர் செய்துதான், அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப ஏற்றித்தான் ஆக வேண்டும். ‘இன்னொரு சர்வரில் அப்படியே காப்பி ஓடுதே’ என்பவர்களுக்கு: நீங்கள் தவறி அழித்தால் அந்தக் காப்பியும் அதே நொடியில் அழியும். அதற்குப் பெயர் பேக்கப் இல்லை.

சின்னக் கம்பெனி என்பதால் இப்படி என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தாங்கள் எழுதும் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், ராத்திரி வரை வேலை பார்த்துக் களைத்திருந்த இன்ஜினியர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போயிற்று. தினசரி பேக்கப்பைத் தேடினால் எதுவுமே இல்லை. வெர்ஷன் ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்தத் துணிச்சல் நம் ஊரில் வர இன்னும் நாளாகும்.

கோவையைக் காப்பாற்றியதும் தற்செயல்தான். பாஸ்வேர்டு போட்ட அந்தப் பழைய ஊழியர் பெங்களூரிலிருந்து ராத்திரி 2 மணிக்குப் போனை எடுத்தார். நல்ல மனிதர், நினைவும் வைத்திருந்தார்.

மாறுகிற நாளுக்கு முன்பே பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றிப் பாருங்கள், கடிகாரத்தோடு. ஒன்பது மணி நேரம் ஆகிறதென்றால் திங்கள் காலை 8-க்கு ஓட வேண்டிய சிஸ்டத்துக்கு ஞாயிறு இரவு 11-க்கு மேல் திரும்பும் வழி கிடையாது. ஆகவே ‘இந்த மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதுக்குத் திரும்புகிறோம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நேரத்தில் சூடாக முடிவெடுக்காதீர்கள். பழைய சர்வரைக் குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடியும் வரை தொடாதீர்கள். பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள். ‘டீம்’ போனை எடுக்காது.

முதலாளிமார்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் ட்ரையல் சமயத்திலேயே, “சார், ஐட்டம் கோடுல முன்னாடி இருக்கிற சைபரெல்லாம் காணோம்” என்று சொல்லியிருக்கிறார். “அப்புறம் பாத்துக்கலாம்மா” என்று பதில். 00412-உம் 412-உம் ஒரே பொருளாகி, ஸ்டாக் கெட்டது அங்கேதான். அந்த மாதிரி ஆட்களைக் கூட்டத்தில் பேச விடுங்கள், தயவுசெய்து.

அப்புறம், டேட்டாவைக் கமா போட்டுப் பிரித்து வைக்கும் சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்து சேவ் செய்யாதீர்கள். இம்போர்ட் செய்து, ஐட்டம் கோடு இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வையுங்கள். சைபர் அங்கேதான் போகிறது.