வீட்டை விற்கும் முன் பாட்டியின் பங்கைப் பாருங்கள்

வங்கிக் கடனுக்காக வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். சென்னையின் தெற்கே குரோம்பேட்டைப் பக்கத்துப் பழைய தனி வீடு என்றால், விற்க வந்த பிள்ளைகளிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்பா காலமானபோது பாட்டி உயிரோடு இருந்தாங்களா?"

"இருந்தாங்க சார். ஆனா வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியம். பாட்டிக்கு என்ன சம்பந்தம்?" என்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பதும் இங்கே கணக்கில்லை.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ரயிலை நம்பி மாதச் சம்பளக்காரர்கள் பலர் இந்தப் பக்கம் மனை வாங்கினார்கள். அப்பா 1972ல் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி: ஆளுக்குக் கால் பங்கு. தாத்தா முன்பே காலமாகிவிட்டார். சில வருடங்கள் கழித்துப் பாட்டியும் உயில் இல்லாமல் போய்ச் சேர்கிறார். அவருடைய கால் பங்கு அப்படியே பேரப்பிள்ளைகளுக்கு வராது. அவர் பெற்ற மூன்று பேருக்கும் பிரியும்: பெரியப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று, இறந்துபோன அப்பாவின் பங்கு மட்டும் அவர் பிள்ளைகளுக்கு. வீடு 1.20 கோடிக்குப் போனால் அத்தைக்குச் சேர வேண்டியது 10 லட்சம்.

இது பெரும்பாலும் அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. அதற்குள் பெரியப்பாவும் இறந்திருப்பார். அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வர வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஒப்பந்தக் கெடுவோ ஓடிக்கொண்டிருக்கும்.

"வாரிசுச் சான்றில் பாட்டி பெயரே இல்லையே, பட்டாவும் எங்கள் பெயரில்தானே" என்பார்கள். சான்றில் பெயர் விடுபட்டதால் பங்கு போய்விடாது. பட்டா மாறியதாலும் போகாது. பங்கைத் தருவது சட்டம், தாசில்தார் அல்ல. இந்தக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு மட்டும். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை.

வில்லங்கச் சான்று போடும்போது பழைய முகவரியையும் பாருங்கள். அன்றைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்றிருக்கும். 1997க்குப் பிறகு அதே மனை காஞ்சிபுரம் மாவட்டம். 2019 முதல் மறுபடி செங்கல்பட்டு. 2021ல் தாம்பரம் மாநகராட்சியும் வந்துவிட்டது. அதனால் கதவு எண்ணை மட்டும் நம்பாமல் பழைய சர்வே எண்ணையும் கிராமத்தின் பெயரையும் கொடுத்துத் தேட வேண்டும்.

சரி, பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால்? அவரிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவர் விரும்பினால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பேரப்பிள்ளைகளுக்குப் பதிவு செய்து கொடுக்கலாம், உயில் எழுதலாம், தன் பங்குக்குப் பணமும் கேட்கலாம். "பென்ஷனுக்குக் கையெழுத்து" என்று சொல்லி எண்பது வயதுக்காரரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசடி, பின்னால் அத்தை நீதிமன்றம் போனால் அந்தப் பத்திரம் ரத்தாகலாம். என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.