தைராய்டு எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் நிறம்

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மைக்கு தைராய்டு உண்டு. எனக்கு டிஎஸ்ஹெச் நார்மல்தான். ஆனா ஆன்டி டிபிஓ கூடுதல்னு லேப்ல சொல்லிட்டாங்க. மரச்சீனி தின்னதாலயா? இப்பவே மாத்திரை போடணுமா?"

மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மேல் பழி வேண்டாம். அதிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் கழலை (கழுத்தில் தைராய்டு வீக்கம்) வரை போவது அயோடின் பற்றாக்குறை உள்ள ஊர்களில்தான். அயோடின் உப்பு போட்டு, கிழங்கை அவித்து நீரை வடித்து, சாளைக் கறியோடு உண்ணும் வீட்டில் அந்தப் பயம் தேவையில்லை.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சோர்ந்தால் இது கூடும். டிபிஓ என்பது தைராய்டு பெராக்ஸிடேஸ். ஹைட்ரஜன் பெராக்ஸைடின் துணையோடு அயோடினைப் புரதத்தில் பிணைக்கும் நொதி. நோயெதிர்ப்பு மண்டலம் இதையே பகையாக எண்ணிவிட்டால், அதற்கெதிரான பொருள் ரத்தத்தில் சேர்கிறது; அதுதான் ஆன்டி டிபிஓ எதிர்ப்பொருள். இப்படி உடலே தன் தைராய்டைத் தாக்கும் நோயை ஜப்பானின் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தார். நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான பொருள் இருப்பதை லண்டனில் ராய்ட், டோனியாக், கேம்பெல் மூவரும் 1956இல் காட்டினார்கள்.

சோதனையின் அழகு, எதிர்ப்பொருளை நிறத்தால் காட்டும் எலிசா முறையில் நன்றாகத் தெரியும். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் டிபிஓ முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) விட்டால், எதிர்ப்பொருள் இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். கழுவினால் மற்றதெல்லாம் போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளை மட்டும் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருள். அதன் முதுகில் ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான வேரிலிருந்து எடுத்த நொதி ஏற்றப்பட்டிருக்கும். மறுபடி கழுவி, நிறமற்ற திரவம் ஒன்றை விட்டால் குழி நீலமாகும். அமிலம் சேர்த்தால் மஞ்சள். மஞ்சள் அடர்ந்தால் எதிர்ப்பொருள் அதிகம். அந்த வேரின் நொதியும் ஒரு பெராக்ஸிடேஸ்தான்! அதுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொண்டே வேலை செய்கிறது. உடல் பகைத்துக்கொண்ட நொதியின் இனத்தானே வந்து அந்தப் பகைக்குச் சாட்சி சொல்கிறான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான். இன்று பெரிய லேப்களில் நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கிறார்கள்; அடிப்படை ஏறக்குறைய இதுவே.

எதிர்ப்பொருள் இருப்பது நோய் வந்துவிட்டது என்றாகாது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், டிஎஸ்ஹெச் சரியாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் உள்ள பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தினருக்கே சுரப்பு குறைந்தது. டிஎஸ்ஹெச்சும் கூடியிருந்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். எனவே இப்போது மாத்திரை வேண்டாம். ஆண்டுக்கொருமுறை டிஎஸ்ஹெச் பாருங்கள். கர்ப்பம் தரிக்க நினைத்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் எண்ணை மாதாமாதம் அளப்பது வீண் செலவு. அந்தப் பணத்தில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டிஎஸ்ஹெச் சோதனை தரலாம் என்பது என் உறுதியான கருத்து. கழுத்து வீங்கியதும் சரடு ஓதிக் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை அது காப்பாற்றும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர்கள் கவனிக்க: பல கருவிகளின் சோதனைப் பொருளிலேயே பயோட்டின் இருப்பதால் முடிவு தவறிப்போகலாம். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், லேப்பிலும் சொல்லிவிடுங்கள்.