நித்திரை வந்துவிட்டது, மனம் தெளிந்ததா?

மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் மறுபடி கேள்விகள் கேட்டுப் புள்ளி போடுகிறோம். புள்ளி இறங்கியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எந்தக் கேள்வியில் இறங்கியது என்று பார்க்காத நிம்மதி ஆபத்தானது.

மருந்து ஆய்வுகளில் நீண்டகாலமாகப் பயன்படுவது மனநல மருத்துவர் மக்ஸ் ஹமில்டன் 1960இல் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோல். 17 கேள்விகள், உச்சம் 52 புள்ளி. நித்திரைக்கு மட்டும் மூன்று கேள்விகள்: படுத்தால் வராதது, இடையில் முழிப்பு வருவது, விடிய முன்னரே எழும்பிவிடுவது. மூன்றுக்கும் சேர்த்து 6 புள்ளி. சோர்ந்த மனநிலைக்கோ ஒரே கேள்வி, 4 புள்ளி. அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின் போன்ற, நித்திரையும் தரும் மனச்சோர்வுக் குளிசைகளைப் போட்டால், மனம் அப்படியே கிடக்கும்போதே மொத்தப் புள்ளி இறங்கிவிடலாம். மாறாக, புளுஒக்செடின் என்ற இன்னொரு மனச்சோர்வுக் குளிசை தொடங்கிய புதிதில் வரும் வயிற்றுப் பிரட்டலும் பதற்றமும் நித்திரைக் குழப்பமும் நோயின் கணக்கில் ஏறிவிடும். உள்ளே தெளியத் தொடங்கியவருக்கும் புள்ளி அசையாது.

1979இல் மொன்ட்கொமரி, ஓஸ்பெர்க் இருவரும் சிகிச்சையோடு நன்றாக மாறும் 10 அம்சங்களைத் தேர்ந்து இன்னோர் அளவுகோல் செய்தார்கள். நித்திரைக்கு அதில் ஒரே இடம்தான். முன்னேற்றத்தைப் பிடிக்க அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஆய்வுகளில் புள்ளி பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்தது என்பார்கள். ஹமில்டன் அளவில் 26இல் இருந்தவர் 13க்கு வந்தால் அந்தக் கணக்கில் வெற்றி. முழுச் சுகம் என்று சொல்ல 7 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். 13 புள்ளியோடு வீட்டில் இருப்பவர் இன்னமும் வருத்தக்காரர்தான்.

யாழ்ப்பாணத்தில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். "இப்ப பரவாயில்லை டொக்டர், நித்திரை வருது" என்பார்கள். மனம் எப்படி என்று கேட்டால், "தலை விறைப்புத்தான் கொஞ்சம் கிடக்கு" என்று உடம்பைச் சொல்வார்கள். அதனால் வேறு விதமாகக் கேட்பேன்: "சமைக்க மனம் வருதோ அம்மா? அயலுக்குப் போய்க் கதைச்சீங்களோ? கோயிலுக்குப் போனீங்களோ?" கூட வந்த மகளிடமும் கேட்பேன். அம்மாவின் சிரிப்பு எப்போது திரும்பியது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

நித்திரை வந்த கையோடு குளிசையை விட்டுவிடாதீர்கள். முழுதாகச் சுகம் வந்த பின்னும் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதென்றால் டொக்டரோடு கதைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வை அளக்க நோயாளியே நிரப்பும் பி.எச்.கியூ-9 என்ற படிவத்தில் ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பது பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு விடை வந்தால் அன்றைக்கே அவரோடு இருந்து கதைக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், அல்லது 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.