ஷோப்ஸ்காவைப் பச்சடி என்று சொல்லாதீர்கள்

போன வாரமும் ஒரு சமையல் காணொளியில் கேட்டேன்: "பல்கேரியப் பச்சடி". தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு என் அண்ணி கடைக்குப் போய் அரை லிட்டர் தயிர் வாங்கி வந்துவிட்டார். அவர் மேல் தவறே இல்லை. பச்சடி என்றால் நாம் தயிரைத்தான் நினைப்போம். ஆனால் காணொளி அப்படி அழைத்தது ஷோப்ஸ்கா சலாத்தா என்ற பல்கேரிய சாலட்டை. அதிலோ ஒரு சொட்டுத் தயிர் கிடையாது.

பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். சலாத்தா, சாலட் இரண்டுக்கும் வேர், உப்பைக் குறிக்கும் லத்தீன் 'சால்'. ஷோப்ஸ்கா என்றால் ஷோப் மக்களுடையது. சோஃபியா நகரைச் சுற்றியுள்ள பகுதிக்காரர்கள் அவர்கள். பெயர் அவர்களுடையது என்றாலும், இதை ஊரறியச் செய்தது 1950களில் பல்கேரிய அரசின் சுற்றுலா நிறுவனமான பால்கன்துரிஸ்த். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று நாட்டுக் கொடியின் நிறம் மூன்றும் தட்டில் இருக்கும்.

சரி, பச்சடிக்கு வருவோம். பச்சைக் காய் போடுவதால் பச்சடிதானே என்கிறார்கள். அப்படியானால் சித்திரை முதல் நாள் வெல்லம் போட்டு வேகவைக்கும் மாங்காய்ப் பச்சடி எந்தக் கணக்கில் சேரும்? ஷோப்ஸ்காவிலும் எல்லாமே பச்சை இல்லை. தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தை நறுக்கி, பலர் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துத்தான் சேர்க்கிறார்கள். பார்ஸ்லி தூவி, சூரியகாந்தி எண்ணெய் விட்டு, மேலே சிரெனே என்ற வெள்ளைச் சீஸைக் குவியலாகத் துருவுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல்கேரியர்களிடம் அசல் பச்சடியே இருக்கிறது! நீர் வடித்த கெட்டித் தயிரில் வெள்ளரி, பூண்டு, வால்நட், சதகுப்பைக் கீரை கலந்த 'ஸ்னெஜாங்கா'. பச்சடி என்ற பெயரை ஷோப்ஸ்காவுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் இதை என்னவென்று அழைப்பது?

சாலட் என்பதற்குத் தமிழில் காய்க்கலவை என்ற சொல்லே போதும். கலவை என்றால் சிமென்ட் ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். முன்னால் 'காய்' நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடம் ஏது?

சிரெனேயைப் பன்னீர் என்று எழுதுவதையும் பார்க்கிறேன். பன்னீர் எலுமிச்சை போன்ற புளிப்பால் திரிந்தது, உப்பில்லாதது. சிரெனே, பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதியால் உறைந்து, வாரக்கணக்கில் உப்புநீரில் ஊறியது. பாலாடைக்கட்டி என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படிவது. இதுவோ பாலே உறைந்து கட்டியானது. பாற்கட்டி என்ற நல்ல சொல் கையிலிருக்கிறது. சிரெனேயை உப்புப் பாற்கட்டி என்றால் சுவையும் சேர்ந்து விளங்கிவிடும். எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்காமலே பெயர் சூட்டும் மொழிபெயர்ப்பாளர்களால்தான் இத்தனை குழப்பமும்.

அண்ணி கடைசியில் ஃபெட்டா என்ற கிரேக்கப் பாற்கட்டியை வாங்கித் துருவினார். அதுவும் உப்புநீரில் ஊறியதுதான். வாங்கி வைத்த தயிரை வடிகட்டி, மறுநாள் ஸ்னெஜாங்கா செய்தோம்.