புது மின்சார காருக்குப் பனிக்கால டயரா?

நேற்றும் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத மின்சார கார். பின் டயர்கள் தேய்ந்துபோக, புது டயர் விலையைக் கேட்டு மலைத்துப்போய், ஜப்பானிலிருந்து வந்த பழைய டயர்களை மலிவாக வாங்கி மாட்டியிருக்கிறார். மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பிரேக் போட்டால் கார் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகிறதாம். டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். மூன்று சிகர மலை, அதற்குள் ஒரு பனிப்பூ என்று முத்திரை. சுத்தமான பனிக்கால டயர்.

"ஐஸ்லயே பிடிக்கிற டயர் அண்ணே, நம்ம மழைக்குப் பிடிக்காதா?"

பிடிக்காது. எத்தனை பேருக்குச் சொன்னாலும் இந்த நம்பிக்கை மட்டும் போகமாட்டேன் என்கிறது. குளிரில் சாதாரண ரப்பர் விறைத்துப்போகும். அதனால் 7 டிகிரிக்குக் கீழேயும் இளகியே இருக்கும் ரப்பரில் இந்த டயரைச் செய்கிறார்கள். நம் மலேசியாவில் மதியம் 33 டிகிரி. தார்ச்சாலை அதைவிடச் சூடு. அங்கே அந்த ரப்பர் வெயிலில் விட்ட மெழுகு மாதிரி துவண்டுபோகும். டயரின் முகத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் நிறைய இருக்கும், பனியைக் கவ்வுவதற்காக. கீறல்களுக்கு நடுவே உள்ள ரப்பர் கட்டை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சாய்ந்து கொடுக்கும். பிரேக் போடும்போதும் அதேதான்: முதலில் ரப்பர் சாயும், அப்புறம்தான் கார் நிற்கும். மழை என்பது ஐஸ் இல்லை. கெந்திங் மலைக் குளிரைச் சாக்குச் சொல்வார்கள். அங்கேயும் 7 டிகிரிக்கு இறங்குவதில்லை. புதிதாக விற்கும் கார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் ஓடும் நார்வேயிலேயே, குளிர் முடிந்ததும் இந்த டயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கோடைக்கால டயரை மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு வருடம் முழுக்கக் கோடைதான்.

மின்சார காரில் இது இன்னும் மோசம். பேட்டரியால் எடை கூடுதல், மிதித்தவுடன் முழு இழுவை. டயரின் பக்கவாட்டில் உள்ள எடை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 98 என்றால் 750 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 540 கிலோ வித்தியாசம். 98 கேட்கும் காருக்கு, அளவு ஒன்றுதானே என்று 91 மாட்டாதீர்கள். எந்த எண், எவ்வளவு காற்று என்பதைக் காரோடு வந்த கையேட்டிலும் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டிய தாளிலும் பாருங்கள்.

பழைய டயர் என்றால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். காரைத் தூக்குவதற்குக் குறித்த இடத்தில் மட்டும் ஜாக் வைக்கச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் இருப்பது பேட்டரி. உள்ளே சத்தம் குறைக்கும் பஞ்சு ஒட்டிய டயர் பஞ்சரானால், பஞ்சை அந்த இடத்தில் உரித்த பிறகுதான் உள்பக்கம் ஒட்டுப்போட வேண்டும். இது தெரியாத பட்டறையில் விடாதீர்கள்.

பனிக்கால டயரை ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களே, தயவுசெய்து இந்த வாரமே கழற்றுங்கள். அதுவரை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் காராக் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள்.